கைமடிப் பையன் தாத்தா ஆனபோது: திருப்பூரும் மறதியின் வரலாறும்

(பேச்சு வடிவிலிருந்து சுருக்கி, திருத்தி எழுதப்பட்டது)

இன்னைக்கு எபிசோடை ஒரே ஒரு சொல்லிலிருந்து ஆரம்பிக்கலாம். கைமடி.

திருப்பூர்க்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். பனியன் கம்பெனியில் டெய்லர் பக்கத்தில் நின்று, அடுத்துத் தைக்க வேண்டிய துணியை மடித்துக் கொடுக்க வேண்டும்; தைத்து விழுகிற பீஸை எடுத்து அடுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பெயர் கைமடி. அதைச் செய்கிற ஆளுக்கும் அதே பெயர்தான். ரொம்ப வருஷமாக அந்த ஆள் பெரும்பாலும் ஒரு குழந்தையாகத்தான் இருந்தார். பத்து வயது, பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கைமடியாகச் சேர்ந்து, மெஷினைப் பார்த்துப் பார்த்தே தொழில் கற்று, ஒருநாள் டெய்லராக உட்கார்வது. திருப்பூரில் ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கை இப்படித்தான் தொடங்கியது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1965-ல் பத்து வயதில் கைமடியாக நின்ற பையனுக்கு 2025-ல் வயது 70. டிமென்ஷியா என்கிற மறதி நோய் பெரும்பாலும் 65 வயதுக்கு மேல்தான் தலைகாட்டுகிறது. அதாவது, பனியன் தொழிலைக் கையால் கட்டிய தலைமுறை, சரியாக இப்போதுதான் மறக்கத் தொடங்கும் வயதுக்குள் நுழைகிறது. அவர்கள் பக்கத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது யார்? பேரன், பேத்தி. சில வீடுகளில் அந்தப் பேத்திக்கும் அதே பத்து, பன்னிரண்டு வயதுதான்.

இந்த எபிசோட் அந்த ரெண்டு பேரைப் பற்றியது. மருத்துவ ஆலோசனை நிகழ்ச்சி இல்லை. நாம எப்பவும் போல வரலாறுதான் பேசப்போகிறோம். வயதானவரின் மறதிக்கு ‘நோய்’ என்ற பெயர் எப்போது வந்தது, அதை நம்ம ஊரில் யார் எண்ணிப் பார்த்தார்கள், ஒரு தொழில் நகரத்தின் கடந்தகாலம் அங்கே இருக்கிற தாத்தா பாட்டிகளின் மூளைக்குள் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் விஷயம்.

ஊர் வளர்ந்த வேகம்

முதலில் ஊரைப் பார்த்துவிடலாம். பனியனுக்கு முன்னாடியே திருப்பூர் பஞ்சு ஊர். சுற்றிலும் கிணற்றுப் பாசனத்தில் பருத்தி, ஊருக்குள் பஞ்சு வியாபாரம். 1920-களில் கதர் இயக்கத்தின் முக்கியமான மையங்களில் ஒன்று. 1932 ஜனவரி 10 அன்று ஊர்வலத்தில் தடியடிபட்டு, மறுநாள் இறந்துபோன குமரன் பிறந்தது சென்னிமலையில், இறந்தது திருப்பூரில். குமரன் ரோட்டில் இன்று ஷாப்பிங் போகிறவர்களுக்கு அந்தப் பெயர் வெறும் ஒரு பஸ் ஸ்டாப். இதுவும் ஒரு வகை மறதிதான், அதைப் பிறகு பார்க்கலாம்.

உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளை பனியன் போட்டுக்கொண்டிருந்த ஊர், 1970-களின் கடைசியில் ஏற்றுமதிப் பக்கம் திரும்பியது. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. நாலு மாசத்துக்கு மேல், வாரக் கூலியை நம்பி வாழ்கிற குடும்பங்கள். 1990-ல் ஏற்றுமதியாளர் சங்கம் வந்தது. இன்றைக்கு ஏற்றுமதி ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது. நடுவில் நொய்யல் சாயத்தண்ணியாக ஓடியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது.

இதெல்லாம் ஒரே மனித ஆயுளுக்குள் நடந்தது. நொய்யலில் குளித்த ஆளும், அந்த நொய்யலைப் பார்த்து மூக்கைப் பொத்திய ஆளும் ஒருத்தரே.

இந்த வளர்ச்சியைப் பற்றி ஷரத் சாரி என்கிற ஆய்வாளர் 2004-ல் ‘ஃப்ரேட்டர்னல் கேபிடல்’ என்ற புத்தகம் எழுதினார். விவசாயக் குடும்பங்களிலிருந்து, குறிப்பாகக் கவுண்டர் சமூகத்திலிருந்து, கைமடியாகவும் டெய்லராகவும் வந்தவர்கள் எப்படி முதலாளி ஆனார்கள் என்பது அதன் மையக் கேள்வி. எங்களிடம் இருந்த மூலதனம் உழைப்பு மட்டும்தான் என்று அவர்கள் தங்கள் கதையைச் சொன்ன விதத்தையும், அந்தக் கதை யாரை விட்டுவிடுகிறது என்பதையும் அவர் கவனித்தார். இதில் நமக்கு முக்கியமானது ஒன்று. அவருடைய பெரிய ஆதாரம் ஃபைல்கள் இல்லை. மனிதர்கள் உட்கார்ந்து சொன்ன வாழ்க்கைக் கதைகள். சனிக்கிழமை கையில் காசாக வாங்கிய கூலிக்குப் பல பேரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. இந்த ஊரின் வரலாற்றில் ஒரு பெரிய பங்கு ஞாபகத்தில் மட்டுமே இருக்கிறது. ஞாபகம் போனால் அதுவும் போய்விடும்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இப்போ ஒரு வீட்டை நினைச்சுப் பாருங்க. எந்தக் குடும்பத்தையும் குறிப்பிட்டுச் சொல்லலை, ஒரு உதாரணத்துக்குத்தான். வேலம்பாளையம் பக்கம் ஒரு லைன் வீடு. அப்பாவும் அம்மாவும் ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் திரும்புவார்கள். வீட்டில் ஏழாவது படிக்கிற பேத்தி, அம்மாவைப் பெற்ற அப்புச்சி. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டில் ஆட்டியது அவர். பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்விட்டு, சாயங்காலம் கூட்டி வந்தது அவர். சனிக்கிழமை கூலி வந்ததும் தேன்மிட்டாய் வாங்கித் தந்ததும் அவர்தான்.

இப்போது அப்புச்சி ஒரே கேள்வியை நாலு தடவை கேட்கிறார். சாப்பிட்டதை மறந்துவிட்டு, “சோறு போடலையா கண்ணு?” என்கிறார். அப்பா அம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவரை முழுசாகப் பார்க்கிறார்கள். அன்றைக்கு அவர் நன்றாகத்தான் பேசுகிறார். பழைய கதையெல்லாம் தேதியோடு சொல்கிறார். “அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, வயசாச்சு” என்று முடித்துவிடுகிறார்கள். மாற்றத்தை முதலில் பார்த்தவள் பேத்தி. ஆனால் அவளிடம் யாரும் கேட்பதில்லை.

இது திருப்பூருக்கு மட்டுமே உரியது இல்லை. ஆனால் ரெண்டு பேரும் வேலைக்குப் போனால்தான் வீட்டு வாடகை கொடுக்க முடியும் என்கிற ஊரில், குழந்தையும் முதியவரும் ஒருவருக்கொருவர் காவல் என்கிற ஏற்பாடு ரொம்ப சாதாரணம். முதல் பத்து வருஷம் பெரியவர் சின்னவளைப் பார்த்துக்கொள்கிறார். பிறகு யாரும் அறிவிக்காமலே பொறுப்பு கை மாறிவிடுகிறது. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வந்த குடும்பங்களுக்கும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கும் இன்னொரு வடிவம்: தாத்தா பாட்டி சொந்த ஊரில், பேரன் இங்கே, நடுவில் வீடியோ கால். போன் திரையில் தெரிகிற முகத்தைப் பார்த்து “இது யாரு?” என்று பாட்டி கேட்டால், இந்தப் பக்கம் இருக்கிற குழந்தைக்கு என்ன பதில் சொல்வது?

மறதிக்குப் பெயர் வைத்த கதை

வயதானால் நினைவு மங்கும் என்பது எல்லாச் சமூகங்களுக்கும் எப்போதோ தெரியும். ஒவ்வொரு மொழியும் அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழில் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பார்கள். கொங்குப் பக்கம் “கொழந்தையாட்ட ஆயிட்டாரு” என்பது சாதாரணப் பேச்சு. இந்தியில் ‘சடியானா’ என்று ஒரு வினைச்சொல்லே இருக்கிறது. அறுபது என்ற எண்ணிலிருந்து வந்தது. மானுடவியலாளர் லாரன்ஸ் கோஹென் வாரணாசியில் தங்கி ஆய்வு செய்து 1998-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வயதானவர் தடுமாறினால் அங்கே அக்கம்பக்கத்தார் கேட்ட கேள்வி ‘மூளைக்கு என்ன ஆச்சு’ என்பதைவிட ‘குடும்பத்தில் என்ன சரியில்லை, பிள்ளைகள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களா’ என்பதுதான் என்று அவர் கவனித்தார். நம்ம தெருவிலும் இதைக் கேட்டிருப்பீங்க.

மருத்துவம் இதற்குள் வந்தது ஜெர்மனி வழியாக. 1901 நவம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அகஸ்டே டெட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைக் கணவர் கொண்டுவந்து சேர்த்தார். அலாய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர் அவரிடம் பெயர் கேட்டார், கணவர் பெயர் கேட்டார், தன் பெயரை எழுதச் சொன்னார். எழுத ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். தன்னையே தொலைத்துவிட்டதாக அவர் சொன்னதும் குறிப்பில் இருக்கிறது. 1906 ஏப்ரலில் அவர் இறந்தார். அவரது மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்த அல்சைமர், உள்ளே படிவுகளையும் சிக்கலான இழைகளையும் கண்டு, அதே வருஷம் நவம்பர் 3 அன்று டூபிங்கனில் ஒரு கூட்டத்தில் சொன்னார். கூட்டத்தில் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 1910-ல் கிரேப்ளின் தன் பாடநூலில் ‘அல்சைமர் நோய்’ என்று பெயர் போட்டார்.

இங்கே ஒரு திருப்பம். அகஸ்டேவுக்கு வயது குறைவு. அதனால் அறுபதாண்டுகளுக்கு மேல் இது நடுத்தர வயதில் அபூர்வமாக வருகிற நோய் என்றே வகைப்படுத்தப்பட்டது. எண்பது வயதுக்காரர் மறந்தால்? அது வயசு, நோய் இல்லை. 1976-ல் ராபர்ட் கட்ஸ்மன் என்ற அமெரிக்க நரம்பியலாளர், இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு சின்னத் தலையங்கம் எழுதினார். அதற்குப் பிறகுதான் அபூர்வ நோய் உலகின் பெரிய நோய்களில் ஒன்றாக மாறியது.

“அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, வயசாச்சு” என்று லைன் வீட்டில் சொல்கிறார்களே, 1975 வரைக்கும் உலகத்தின் பெரிய டாக்டர்களில் பலரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம்ம வீட்டுப் பெரியவர்களை அறியாமை என்று திட்டுவதற்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்கலாம்.

வேலூரில் ரெண்டு அளவுகோல்

இந்தியாவில் யார் எண்ணினார்கள்? 1992-ல் கேரளாவில் அல்சைமர் மற்றும் அது சார்ந்த நோய்களுக்கான சங்கம் தொடங்கியது. 1990-களில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் பகுதியில் நடந்த ஆய்வு வெளியானது. 60 வயதுக்கு மேற்பட்ட கிராமத்து மக்களில் நூற்றுக்குச் சுமார் 3.5 பேருக்கு டிமென்ஷியா இருந்தது. ‘இது மேற்கத்திய நோய், கூட்டுக்குடும்பத்தில் வராது’ என்ற நம்பிக்கைக்கு அது ஒரு பதில்.

1998-ல் கொச்சியில் நடந்த கூட்டத்திலிருந்து ‘10/66’ என்ற ஆய்வுக்குழு பிறந்தது. பெயருக்கு அர்த்தம் இதுதான்: டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வாழ்வது ஏழை, நடுத்தர நாடுகளில், ஆனால் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லை. இந்தக் குழு சென்னையிலும் வேலூர்க் கிராமங்களிலும் வீடு வீடாகப் போனது.

முடிவுகள் 2008-ல் லான்செட் இதழில் வந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. அமெரிக்க மனநல வகைப்பாட்டின் அளவுகோலை வைத்தால், 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்தியக் கிராமப் பகுதியில் வெறும் 0.3 சதவீதம் பேருக்குத்தான் டிமென்ஷியா. ஆய்வு நடந்த எல்லா நாடுகளிலும் இதுதான் குறைவு. இந்தக் குழு தானே உருவாக்கிய அளவுகோலை வைத்தால், எந்த இடத்திலும் 5.6-க்குக் குறையவில்லை, அதிகபட்சம் 11.7 சதவீதம். அதே மக்கள், அதே வீடுகள். அளவுகோல் மட்டும் வேறு.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பழைய அளவுகோலுக்கு, நினைவு போனதோடு அன்றாட வாழ்க்கையும் பாதிக்கப்பட்டதாக வீட்டார் சொல்ல வேண்டும். நம்ம வீடுகளில் வயதானவருக்குத் தட்டில் சோறு போட்டுக் கொடுக்கிறோம், மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறோம், பேங்க் வேலையை மகன் பார்க்கிறான். அவரிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்ப்பே இல்லாத இடத்தில் இழப்பு எப்படித் தெரியும்? நம்முடைய அன்பும் அலட்சியமும் சேர்ந்து நோயை மறைத்துவிட்டன.

அந்தக் குழுவின் பரிசோதனையில் இன்னொரு விஷயம் எனக்குப் பிடித்தது. முதியவரை மட்டும் கேட்டு முடிவு செய்வதில்லை. கூட இருக்கிறவரிடமும் தனியாக உட்கார்ந்து கேட்கிறார்கள்: போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன மாறியிருக்கு? அந்தக் கேள்விக்கு நம்ம லைன் வீட்டில் சரியான பதில் தெரிந்த ஒரே ஆள், ஏழாவது படிக்கிற அந்தப் பெண்தான்.

படிக்காமல் போன பள்ளிக்கூடம்

2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களில் 5.8, பெண்களில் 9 சதவீதம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படிப்பு குறைந்தவர்களிடம் அதிகம்.

கடைசி வரியில் கொஞ்சம் நிற்போம். 2024-ல் லான்செட் ஆணையம், மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியல் போட்டது. இவையெல்லாம் சேர்ந்து, உலகத்தில் வருகிற டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்துக்குத் தொடர்புடையவை என்றது. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, காது கேளாமை, தனிமை, காற்று மாசு என்று போகிற அந்தப் பட்டியலில், வாழ்க்கையின் ஆரம்ப வருஷங்களுக்கு உரிய காரணி ஒன்றே ஒன்று: குறைவான படிப்பு. சின்ன வயதில் படிக்கிற ஒவ்வொரு வருஷமும் மூளைக்கு ஒரு சேமிப்பு மாதிரி. பின்னாடி நோய் வந்து அரித்தாலும் அந்தச் சேமிப்பு கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும்.

இப்போது கைமடிக்குத் திரும்பி வாங்க. பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து கம்பெனிக்குப் போன குழந்தை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது 1986-ல்; அதற்குள் இந்தத் தலைமுறை டெய்லர் ஆகிவிட்டது. அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது கூலியில் கழித்த காசு மட்டும் இல்லை. அறுபது வருஷம் கழித்து எடுக்க வேண்டிய சேமிப்பும்தான். பெண்களின் எண்ணிக்கை ஏன் அதிகம் என்பதற்கும் பதிலில் ஒரு பங்கு இதில் இருக்கிறது. அந்தக் காலத்தில் முதலில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்டது யார் என்று நமக்குத் தெரியும்.

கவனமாகச் சொல்லணும். படிக்காதவருக்கெல்லாம் மறதி நோய் வரும் என்று அர்த்தம் இல்லை. பேராசிரியர்களுக்கும் வருகிறது. இது ஒரு தனிமனிதரைப் பற்றிய ஜோசியம் இல்லை, ஒரு தலைமுறையைப் பற்றிய கணக்கு. இன்னொரு பக்கமும் இருக்கு. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழு 648 டிமென்ஷியா நோயாளிகளைப் பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழோ பேசி வளர்ந்த நெசவாளர் குடும்பங்கள் கொங்கு நாடு முழுக்க இருக்கின்றன. பள்ளிக்கூடம் தராததில் கொஞ்சத்தை வாழ்க்கை தந்திருக்கலாம்.

எது முதலில் போகும், எது தங்கும்?

1881-ல் தியோடூல் ரிபோ என்ற பிரெஞ்சு அறிஞர் ஞாபக நோய்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒரு விதி சொன்னார். புதிய நினைவுகள் முதலில் அழியும், பழையவை கடைசி வரை நிற்கும். இன்றுவரை இது பெரும்பாலும் பொருந்துகிறது. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்த அப்புச்சிக்கு, இளம் வயதில் நடந்தது தெரிகிறது. அவர் திடீரென்று எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு, “ஸ்ட்ரைக் முடிஞ்சுதா? கம்பெனிக்குப் போகணும்” என்று கிளம்பினால், அது உளறல் இல்லை. அவர் 1984-ல் நிற்கிறார். அங்கே அவருக்கு இருபத்தொன்பது வயது. வீட்டில் அரிசி இல்லை.

இதில் ஆபத்தும் இருக்கு. அவர் தேடிப் போகிற ஊர் இப்போது இல்லை. பழைய அடையாளங்கள் போய், அந்த இடத்தில் மேம்பாலம் நிற்கிறது. திருப்பூர் மாதிரி வேகமாக மாறிய ஊரில் நினைவு தப்பியவர் வெளியே போனால், தொலைந்துபோக ரெண்டு தெரு போதும்.

அடுத்தது கைகள். 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு புதிதாக எதையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரைய வேண்டும். ஒவ்வொரு நாளும், இதற்கு முன் வரைந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே போனது. கைப்பழக்கம் மூளையில் வேறு ஒரு வழியில் தங்குகிறது என்று உலகம் கற்றுக்கொண்டது அவரிடமிருந்துதான்.

டிமென்ஷியாவிலும் பல பேருக்குக் கைப்பழக்கம் மற்றதைவிட அதிக நாள் நிற்கும். கடைசிக் கட்டத்தில் அதுவும் போய்விடும், மறைக்க வேண்டாம். ஆனால் அதுவரைக்கும், பேத்தியின் பெயர் வராத அப்புச்சியின் மடியில் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்க. ஓரம் பார்த்து, விளிம்பு சேர்த்து, நீவி மடித்துவிடக்கூடும். முதல் சம்பளம் வாங்கிக்கொடுத்த வேலை அது.

மூன்றாவது, உணர்வு. அயோவா பல்கலைக்கழகத்தில் 2014-ல் வெளியான ஒரு சின்ன ஆய்வு. அல்சைமர் உள்ள 17 பேருக்குச் சோகமான காட்சிகளையும் சிரிப்புக் காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதே பெரும்பாலும் மறந்துபோனது. ஆனால் அந்தச் சோகமும் சந்தோஷமும் அரை மணி நேரம் கழித்தும் அவர்களிடம் இருந்தது. மாதிரி சிறியதுதான், ஆனாலும் இதை ஒரு பேரனோ பேத்தியோ எப்படி எடுத்துக்கொள்வது? நீங்கள் வந்து போனது அவருக்கு மறந்துவிடும். நீங்கள் வந்ததால் வந்த நிம்மதி மறக்காமல் கொஞ்ச நேரம் நிற்கும். நீங்கள் எரிச்சலில் கத்தினால், எதற்குக் கத்தினீர்கள் என்பது மறந்துவிடும், பயம் மட்டும் தங்கிவிடும்.

நம்ம கையில் என்ன இருக்கு?

முதலில், “நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்” என்ற பரீட்சையை நிறுத்தலாம். விருந்தாளி வந்தால் இதை வைத்து எல்லோர் முன்னாலும் கேட்பது நம்ம வீடுகளில் ஒரு விளையாட்டு மாதிரி. பதில் தெரியாதவருக்கு அது அவமானம். பதிலுக்காகக் காத்திருக்கிற குழந்தைக்கு அது காயம். அதைவிட “அப்புச்சி, நான் உங்க பேத்தி வந்திருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்காருவது எவ்வளவோ மேல். 1997-ல் டாம் கிட்வுட் என்ற ஆங்கில அறிஞர் ஒரு வாதம் வைத்தார்: டிமென்ஷியா உள்ளவர் மனிதராக நீடிப்பது அவர் மூளையை மட்டும் பொறுத்தது இல்லை, சுற்றியிருப்பவர்கள் அவரை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் பொறுத்தது.

ரெண்டாவது, டாக்டரிடம் கூட்டிப் போகணும். தைராய்டு, பி12 குறைபாடு, மன அழுத்தம் போன்ற சில காரணங்களால் வருகிற மறதி, சிகிச்சையில் சரியாகக்கூடியது. வயசு என்று விட்டுவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும். முதியோருக்கான உதவி எண் 14567, குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, குழந்தையின் மேல் எல்லாப் பாரத்தையும் போடக்கூடாது. 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ‘பிள்ளைகள்’ என்ற சொல்லுக்குள் பேரன் பேத்தியையும் சேர்க்கிறது. ஆனால் மைனரை விலக்கிவிடுகிறது. அந்த விலக்கில் ஒரு நியாயம் இருக்கு. பத்து வயதில் கம்பெனிக்கு அனுப்பப்பட்ட தாத்தாவைப் பார்த்துக்கொள்வதற்காக இன்னொரு பத்து வயதுக் குழந்தை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால், நாம் அறுபது வருஷத்தில் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஷிப்ட் முறை, வாடகை, முதியோருக்கான பகல்நேரப் பராமரிப்பு மையம் எல்லாம் ஒரு குடும்பத்தின் தனிப் பிரச்சினை இல்லை. இவ்வளவு ஏற்றுமதி செய்கிற ஊர் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

கடைசியாக, இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் தாத்தா பாட்டிக்கு இன்னும் நினைவு நன்றாக இருக்கும்போதே போனில் ரெக்கார்டரைப் போட்டு, அவர்களிடம் கேட்டு வையுங்கள். பெரிய கேள்வியெல்லாம் வேண்டாம். முதல் நாள் கம்பெனிக்கு யார் கூட்டிப்போனாங்க? முதல் வாரக் கூலி எவ்வளவு, அதை யார் கையில் கொடுத்தீங்க? 127 நாளும் வீட்டில் அடுப்பு எப்படி எரிஞ்சுது? பள்ளிக்கூடத்தை விட்ட அன்னைக்கு அழுதீங்களா? ஏற்கெனவே மறக்கத் தொடங்கியிருந்தால் கேள்வியே வேண்டாம், அவர் எந்த வருஷத்தில் இருக்கிறாரோ அங்கே போய் உட்கார்ந்து, சொல்வதைக் கேட்டால் போதும். தேதி தப்பாக இருக்கலாம். திருத்த வேண்டாம். ஊர் வரலாற்றை எழுத வருகிற யாருக்கோ இது பிற்பாடு ஆவணம். இன்னைக்கு அவருக்குத் தேவை, பேச்சுத்துணைக்கு ஒரு ஆள்.

அப்படி ரெக்கார்ட் செய்தால், அவர்கள் சம்மதத்தோடு எங்களுக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் நொய்யலைப் பற்றிப் பேசலாம்.